ஈரத்தில் நீண்ட இழை

உயிரின் ஏடு: அத்தியாயம் 11

பெர்ன் நகரத்து ரசாயனப் பேராசிரியரான ருடால்ப் ஸிக்னர், 1950-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டனில் கூடிய விஞ்ஞானிகளின் கூட்டத்திற்கு வந்தபோது, கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து தாம் அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்த டி.என்.ஏ.யைக் கையோடு கொணர்ந்து, வேண்டுவோருக்கெல்லாம் விலையின்றி வழங்கிச் சென்றார் என்பதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அன்று அதைப் பெற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த மாரிஸ் வில்கின்ஸ். நீரில் ஊறிப் பசைபோல் குழைந்து கிடந்த அந்தப் பொருளைக் கண்ணாடிக் குச்சியின் நுனியால் தொட்டு மெல்ல உயர்த்தினால், சிலந்தி நூலைப் போல் மெல்லியதாக, ஒளி பட்டாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாததாக, ஓர் இழை அறுபடாமல் நீண்டு எழுவதை அவர் கண்டார். நீண்ட மூலக்கூறுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒரே திசையில் படிந்திருந்தாலன்றி இத்தனை ஒழுங்கான இழை உண்டாகாது என்று உணர்ந்த வில்கின்ஸ், ரேமண்ட் காஸ்லிங் என்னும் ஆராய்ச்சி மாணவரின் துணையோடு, அவ்விழைகள் பலவற்றை ஒரு சிறு கம்பியில் வரிசையாகக் கட்டி, அவற்றின் ஊடே எக்ஸ் கிரணங்களைச் செலுத்திப் படம் எடுத்தார். காமிராவுக்குள்ளிருந்த காற்றை அகற்றிவிட்டு ஈரமான ஹைட்ரஜன் வாயுவை ஓடவிட்டதனால் இழை உலராமலிருந்தது. படத்தில் கூர்மையான புள்ளிகள் விண்மீன் கூட்டம்போல் தோன்றின.

அந்த ஈரத்தைப் பற்றித்தான் இந்த அத்தியாயத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரட்டைச் சுருளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1953-ஆம் ஆண்டின் வசந்தகாலத்தை நோக்கி விரைந்து சென்றுவிடுகிறார்கள். வழியில் ஒரு பெண்மணி இரண்டு ஆண்டுகள் உப்புக் கரைசல்களையும் ஈரப்பதத்தையும் வைத்துக்கொண்டு பொறுமையாக அளந்துகொண்டிருந்ததை அவர்கள் தாமதம் என்றே குறிப்பிடுகிறார்கள். அது தாமதமன்று, டி.என்.ஏ. என்பது ஒரே வடிவில் வார்க்கப்பட்ட விக்கிரகம் அல்ல, தன்னைச் சூழ்ந்த நீரின் அளவுக்கேற்ப ரூபம் மாறும் பொருள் என்ற உண்மையே அந்த அளவைகளிலிருந்துதான் கிடைத்தது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

1951-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்த ரோஸலிண்ட் பிராங்க்ளினுக்கு அப்போது வயது முப்பது. யுத்தகாலத்தில் இங்கிலாந்தில், நிலக்கரியின் நுண்துளைகளுக்குள் எது நுழையும், எது நுழையாது என்று அளந்து டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு பாரிஸ் நகரத்து அரசாங்க ஆராய்ச்சிக்கூடமொன்றில் நான்கு ஆண்டுகள் தங்கி, கரிப்பொருள்களைச் சூடேற்றினால் அவற்றின் உள்ளமைப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை எக்ஸ் கிரணங்களால் ஆராய்ந்து பெயர் பெற்றவர். ஒழுங்கு குலைந்த பொருள்களிலிருந்து தெளிவான செய்தியை வரவழைக்கும் வித்தையும், ஒரு பொருளுக்குள் நீரோ வாயுவோ எந்த அளவுக்குப் புகுந்திருக்கிறது என்பதை அளந்தறியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாதென்ற கட்டுப்பாடும் அவருக்குக் கரியிடம் கற்ற பாடங்கள். காஸ்லிங் இப்போது அவருடைய மாணவரானார், ஸிக்னரின் டி.என்.ஏ.யும் அவருடைய பொறுப்புக்கு வந்தது.

அவர் செய்த ஏற்பாடு பார்வைக்கு மிக எளியது. ஹைட்ரஜன் வாயுவைக் காமிராவுக்குள் விடுமுன், உப்புக் கரைசலொன்றின் வழியே குமிழியிட்டுச் செல்லுமாறு அமைத்தார். இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்குச் செறிந்த கரைசல் ஒவ்வொன்றின் மேலும் நிற்கும் காற்றில் இன்ன அளவு ஈரம்தான் தங்கும் என்ற நியதி உண்டு. உப்பு மாறினால் ஈரமும் மாறும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நீர் கசிந்து நிற்பதையும், கோடையில் அதே உப்பு கலகலவென்று உதிர்வதையும் கண்டவர்களுக்கு இந்த உறவை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் சமையல் உப்பின் செறிந்த கரைசலுக்கு மேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75, டி.என்.ஏ. இழை தன் படிக ரூபத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிற ஈரப்பதமும் ஏறத்தாழ அதுவேதான் என்பதை நான் முதன்முதல் அறிந்தபோது, என் வீட்டு உப்பு ஜாடியை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இழையை முதலில் நன்றாக உலர்த்தி, பிறகு படிப்படியாக ஈரத்தை ஏற்றிக்கொண்டே போனபோது, ஓரிடத்தில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஈரப்பதம் 75-லிருந்து உயர்ந்து 92-ஐத் தாண்டுமிடத்தில் இழை கண்ணெதிரே நீண்டது. உள்ளே இருந்த ஒழுங்கு கலைந்து வேறோர் ஒழுங்கு பிறந்தது. மறுபடி உலர்த்தினால் இழை குறுகிப் பழைய ஒழுங்குக்குத் திரும்பியது. எத்தனை முறை ஈரமாக்கி எத்தனை முறை உலர்த்தினாலும், கொடியில் போட்ட துணி சுருங்கி விரிவதைப்போல, அது போய்வந்துகொண்டே இருந்தது. முன்னது ஏ ரூபம் என்றும் பின்னது பி ரூபம் என்றும் பெயர் பெற்றன. ஏ ரூபத்தின் எக்ஸ் கிரணப் படத்தில் எண்ணி மாளாத சிறு புள்ளிகள் இருந்தன. பி ரூபத்தின் படத்திலோ, நடுவில் ஒரு பெரிய பெருக்கல் குறியும், மேலும் கீழும் இரு கருமையான வளைவுகளும் தவிர வேறு அதிகமில்லை. சுருள் வடிவத்தின் கையெழுத்தே அந்தப் பெருக்கல் குறி.

பின்னாளில் துல்லியமாகத் தெரிந்த அளவுகளை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பி ரூபத்தில் காரச் சோடிகள் 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், ஏணியின் படிகளைப்போல் அச்சுக்கு ஏறக்குறைய செங்குத்தாக அமைந்து, சுமார் பத்துப் படிகளில் ஒரு சுற்று முடிகிறது. ஏ ரூபத்தில் ஒரு சுற்றுக்குப் பதினொரு படிகள்; ஆனால் சுற்றின் உயரம் 28 ஆங்ஸ்ட்ராம்தான், ஏனெனில் படிகள் சுமார் 20 பாகை சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிப் படிந்திருக்கின்றன. படிக்குப் படி உயரம் 2.55 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.4 ஆக எழும்பும்போது மூலக்கூறு மூன்றிலொரு பங்கு நீள்கிறது. காமிராவில் இழை நீண்டதன் ரகசியம் இதுவே.

இதைக் கண்ட பிறகுதான் பழைய தோல்விகளுக்கும் காரணம் விளங்கியது. லீட்ஸ் நகரத்து ஆஸ்ட்பரியும் அவருடைய மாணவியான ப்ளாரன்ஸ் பெல்லும் 1938-இலேயே டி.என்.ஏ.யின் எக்ஸ் கிரணப் படத்தைப் பிரசுரித்திருந்தார்கள் என்பதை இத்தொடரின் முற்பகுதியில் பார்த்தோம். 3.34 ஆங்ஸ்ட்ராம் என்ற இடைவெளியை அவர்கள் சரியாகவே அளந்தார்கள். ஆயினும் அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. அவர்களுடைய இழைகளில் ஈரத்துக்குக் கட்டுப்பாடு இல்லாததனால், ஏ ரூபமும் பி ரூபமும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து விழுந்திருந்தன. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் பேச்சும் விளங்காததுபோல, இரண்டு ரூபங்களும் ஒன்றையொன்று மறைத்தன.

நீரை மதியாதவர்களுக்கு நேர்ந்த தவறு இன்னும் பெரியது. 1951 நவம்பரில் கிங்ஸ் கல்லூரியில் பிராங்க்ளின் தம் முடிவுகளை ஓர் உரையாக வாசித்தபோது, கேம்பிரிட்ஜிலிருந்து வந்து கேட்டிருந்த ஜேம்ஸ் வாட்ஸன் குறிப்பெதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி பிரான்ஸிஸ் கிரிக்கிடம் சொல்லும்போது, மூலக்கூறோடு சேர்ந்திருக்கும் நீரின் அளவைப் பன்மடங்கு குறைத்துச் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கை நம்பி இருவரும் ஒரு வாரத்தில் முப்புரியாகத் திரிந்த மாதிரியொன்றை அமைத்தார்கள். பாஸ்பேட் தொகுதிகள் மூன்று புரிகளின் நடுவிலும், காரங்கள் வெளியிலும் இருந்தன. அதைப் பார்க்க வந்த பிராங்க்ளின், நீரை அவ்வளவு ஆர்வத்தோடு பற்றிக்கொள்கிற பாஸ்பேட்டுகள் வெளியே நீரோடு இருக்குமேயன்றி, நீர் நுழைய இடமில்லாத நடுப்பகுதியில் அடைந்து கிடக்க மாட்டா என்று சொல்லி, சில நிமிஷங்களில் அந்த மாதிரியை நிராகரித்தார். ஈரம் ஏற ஏற இழை மேலும் மேலும் நீரை உண்டு விரிவதைத் தம் கண்ணாலே கண்டவருக்கு அதைச் சொல்லத் தயக்கம் ஏதும் இருந்திருக்க முடியாது. 1953-இன் தொடக்கத்தில் ரசாயன உலகின் மாபெரும் மேதையான லீனஸ் பாலிங்கும், அவருடைய சகாவான காரியும், ஆஸ்ட்பரியின் பழைய படங்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, பாஸ்பேட்டுகளை மறுபடியும் நடுவில் வைத்து, மறுபடியும் ஒரு முப்புரி மாதிரியைப் பிரசுரித்தார்கள்.

பிராங்க்ளினும் தவறாதவர் அல்லர். 1952-இன் பெரும்பகுதியை அவர் ஏ ரூபத்தின் அத்தனை புள்ளிகளையும் அளந்து, கணித முறையால் நேராக விடை காண்பதில் செலவிட்டார். அப்படங்களில் கண்ட ஒரு சமச்சீரின்மையால் மயங்கி, ஏ ரூபம் சுருளே அல்லவோ என்று சில மாதங்கள் ஐயுற்றார். அதே ஆண்டு மே மாதத்தில் காஸ்லிங்கும் அவரும் எடுத்த பி ரூபத்தின் ஐம்பத்தொன்றாவது படம், அறுபது மணி நேரத்துக்கும் மேலாக எக்ஸ் கிரணங்களை வாங்கிக்கொண்டு பிறந்த அந்தப் படம், பிற்பாடு பார்க்கலாம் என்று எடுத்துவைக்கப்பட்டது. 1953 ஜனவரி இறுதியில் அவருக்குத் தெரியாமல் வில்கின்ஸ் அதை வாட்ஸனுக்குக் காட்டியதும், ஏ ரூபத்தின் படிகச் சமச்சீரைக் குறித்துப் பிராங்க்ளின் எழுதியிருந்த அறிக்கை கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாக்ஸ் பெருட்ஸ் வழியாகக் கிரிக்கின் கைக்குப் போனதும், இரு புரிகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதை அதிலிருந்து கிரிக் கண்டுகொண்டதும் உலகறிந்த செய்திகள். ஏப்ரல் 25-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் இரட்டைச் சுருளைப் பற்றிய மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 6-ஆம் தேதியன்று, நீரின் அளவுக்கும் இழையின் ரூபத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய பிராங்க்ளின், காஸ்லிங் இருவரின் விரிவான கட்டுரை படிகவியல் இதழொன்றின் அலுவலகத்தைச் சேர்ந்துவிட்டது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1958 ஏப்ரல் 16-இல், முப்பத்தேழாம் வயதில் அவர் புற்றுநோயால் காலமானார்.

நீர் குறைந்தால் சுருள் ஏன் ஏ ரூபம் கொள்கிறது? இதற்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. புரியின் முதுகெலும்பில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வருகின்றன. அந்தச் சர்க்கரை ஐந்து அணுக்களால் ஆன வளையம். அது தட்டையாக இருப்பதில்லை, ஒரு மூலை மட்டும் சற்றே மேலெழும்பி நிற்கும். எந்த மூலை எழும்புகிறது என்பதைப் பொறுத்து அடுத்தடுத்த இரு பாஸ்பேட்டுகளின் இடைவெளி மாறுகிறது: பி ரூபத்தில் சுமார் 7 ஆங்ஸ்ட்ராம், ஏ ரூபத்தில் சுமார் 6. இந்த வளையத்தின் நெளிவுகளையெல்லாம் ஒரே கணித முறையில் அடக்கிக் காட்டும் வழியை 1972-இல் ஹாலந்து நாட்டவரான ஆல்டோனாவுடன் சேர்ந்து வகுத்தவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த நம்மவரான முத்தையா சுந்தரலிங்கம். இனி, பாஸ்பேட் ஒவ்வொன்றும் எதிர்மின் ஏற்றம் உடையது. தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை நிறுத்திக்கொள்ள விரும்புவது. நீர் தாராளமாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே நீர் வைத்துக்கொண்டு விலகி நிற்கிறது. நீருக்குப் பஞ்சம் வந்தால், பக்கத்திலுள்ள இரு பாஸ்பேட்டுகள் ஒரே நீர் மூலக்கூறைப் பொதுவில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அதற்காக நெருங்கி வருகின்றன. நெருங்கும்போது சர்க்கரை நெளிகிறது, படிகள் சாய்கின்றன, சுருள் குறுகிப் பருக்கிறது. கோடையில் ஒரு கிணற்றை இரு வீடுகள் பகிர்ந்துகொள்வது போன்ற இந்தச் சிக்கனத்தை 1986-இல் ஜெர்மானியரான ஸேங்கரும் அவருடைய சகாக்களும் படிகங்களை ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார்கள்.

சுருளின் ஸ்திரத்தன்மையைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்வது பாதிதான். குவானினும் சைட்டோசினும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், அடினினும் தைமினும் இரண்டினாலும் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் பிரிந்த காரங்கள் அதே பிணைப்புகளை நீரோடு வைத்துக்கொள்ள முடியுமாதலால், அதனால் வரும் லாபம் சிறிது. தட்டையான காரங்கள் நீரை வெளியேற்றிவிட்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகப் படிந்துகொள்வதே பெரிய பலம். இரு புரிகளின் பாஸ்பேட்டுகளும் ஒன்றையொன்று தள்ளுவதனால், நடுவே உப்பின் அயனிகள் இல்லாவிட்டால் அந்தப் பலமும் போதாது. உப்பே இல்லாத சுத்த நீரில் இரட்டைச் சுருள் அறையின் வெப்பத்திலேயே பிரியத் தொடங்கிவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் மார்மரும் பால் டோட்டியும் பல்வேறு ஜீவராசிகளின் டி.என்.ஏ. கரைசலை மெல்ல மெல்லச் சூடேற்றி, அது புற ஊதா ஒளியை எவ்வளவு உட்கொள்கிறது என்று அளந்துகொண்டே வந்தார்கள். நெடுநேரம் மாற்றமேதும் இல்லை. பிறகு, சில பாகைகளுக்குள், அடுக்கு கலைந்து ஒளியை உட்கொள்ளும் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது உயர்ந்துவிடும். வெண்ணெய் உருகுவதுபோல் நிகழும் இந்த மாற்றத்தின் வெப்பநிலை, குவானின் சைட்டோசின் சோடிகள் நூற்றுக்கு ஒன்று கூடுந்தோறும் 0.41 பாகை உயர்கிறது என்று 1962-இல் அவர்கள் அறிவித்தார்கள்.

இதுவரை சொன்ன ரூபங்கள் யாவும் வலஞ்சுழி. வழக்கமான திருகாணியின் மரையைப்போல் சுற்றுபவை. 1972-இல் போல், ஜோவின் என்ற இருவர், குவானினும் சைட்டோசினும் மாறி மாறி வருமாறு செயற்கையாகச் செய்யப்பட்ட டி.என்.ஏ.யின் கரைசலில் உப்பை மிக அதிகமாகச் சேர்த்தபோது, அது ஒளியோடு நடந்துகொள்ளும் விதமே தலைகீழானதைக் கண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனிடம் பயின்ற வி. சசிசேகரன், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தம் மாணவர்களோடு மாதிரிகள் அமைத்து, அணுக்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இடஞ்சுழியாகவும் சுருள் அமையக்கூடும் என்று அதே பத்தாண்டில் வாதித்து வந்தார். 1979-இன் இறுதியில், மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்ஸாண்டர் ரிச், ஆண்ட்ரூ வாங் முதலியோர், ஆறே காரச் சோடிகள் கொண்ட ஒரு துண்டின் படிகத்தை அணு அணுவாகப் பார்க்கும் கூர்மையோடு ஆராய்ந்தார்கள். வாட்ஸனும் கிரிக்கும் கண்ட சுருளை அந்த நுணுக்கத்தில் தரிசிக்கலாம் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிட்டியதோ இடஞ்சுழிச் சுருள். சுற்றுக்குப் பன்னிரண்டு சோடிகள். 45 ஆங்ஸ்ட்ராம் உயரம். பாஸ்பேட்டுகள் சீராக வளையாமல், கோணல்மாணலாக மடிந்து மடிந்து சென்றன. அதனால் இஸட் ரூபம் என்று பெயர். அந்த ரூபத்தில் எதிர்ப்புரிகளின் பாஸ்பேட்டுகள் நெருங்கி நிற்பதால், அவற்றின் பகையைத் தணிக்க நிறைய உப்பு தேவை. உயிரணுவுக்குள் அத்தனை உப்பு இல்லை; எனினும், ஜீன் படியெடுக்கப்படும்போது அதைச் செய்யும் என்ஸைமின் பின்புறத்தில் புரி தளர்கிற கணத்தில், சிற்சில இடங்களில் சுருள் இடப்புறம் திரும்பி, பின் மீள்கிறது. ஒரு முழுச் சுற்று பி ரூபம் படிகத்தில் கிடைத்தது அதற்கும் அடுத்த ஆண்டு, கலிபோர்னியாவில் டிக்கர்ஸன் குழுவினருக்கு. அதன் குறுகிய பள்ளத்தில் நீர் மூலக்கூறுகள் முதுகுத்தண்டுபோல் வரிசையாகக் கோத்து நிற்பதையும் அவர்கள் கண்டார்கள்.

உயிரணு நீர் நிறைந்தது. ஆதலால் அங்கே இருப்பது பி ரூபமே என்றும், ஏ ரூபம் ஆராய்ச்சிக்கூடத்து வறட்சியில் உண்டான ஒரு வேடிக்கை என்றும், அதற்காகப் பிராங்க்ளின் ஓர் ஆண்டை வீணாக்கினார் என்றும் நெடுங்காலம் பேசப்பட்டது. இந்தப் பேச்சு எனக்கு எப்போதுமே மனவருத்தம் தந்திருக்கிறது. ஆர்.என்.ஏ.யின் சர்க்கரையில் கூடுதலாக ஓர் ஆக்ஸிஜன் அணு இருப்பதனால் அது பி ரூபத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை, ஆகவே ஆர்.என்.ஏ. எங்கெல்லாம் இரட்டைப் புரியாக மடிகிறதோ அங்கெல்லாம் அது ஏ ரூபத்தையே சார்கிறது. வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கும் பாஸில்லஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்களில், சிறு புரதங்கள் சில டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு அதை ஏ ரூபத்தை ஒத்த நிலையில் நிறுத்துகின்றன. ஐஸ்லாந்தில் கந்தகம் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுகளில், 80 பாகை வெப்பத்திலும் கடும் அமிலத்திலும் வாழும் ஒரு நுண்ணுயிரைத் தாக்குகிற கோல்வடிவ வைரஸை 2015-இல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பால் ஆராய்ந்தபோது, அதன் புரதங்கள் டி.என்.ஏ.யை இறுகச் சூழ்ந்து நீரை வெளியேற்றியிருப்பதும், அந்த வைரஸின் டி.என்.ஏ. தலை முதல் கடைசிவரை ஏ ரூபத்திலேயே இருப்பதும் தெரியவந்தன. கிங்ஸ் கல்லூரிக் காமிராவில் 75 பங்கு ஈரத்தில் தோன்றிய அதே பதினொரு படிச் சுற்று, கொதிக்கும் அமிலத்தின் நடுவே உயிரின் ஏட்டைக் காத்துக்கொண்டிருந்தது.

(தொடரும்)